ஸ்லீப்பிங் டாக்ஸ்: போலீஸ் கேமாக எவ்வளவு தேறும்?

நீங்கள் கேட்டது இது: போலீஸாக விளையாடும் ஓப்பன் வேர்ல்டு கேம் (ஒரு ஊர் முழுக்க நம் இஷ்டத்துக்குச் சுற்றும் வகை) ஒன்று வேண்டும், ஸ்லீப்பிங் டாக்ஸ் நன்றாக இருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், 2012-இல் வந்த கேமை இப்போது காசு கொடுத்து வாங்கலாமா, அதில் எது நல்லது, எது மோசம்? வீட்டில் 13 வயதில் தம்பி இருக்கிறான், அவனும் விளையாடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாங்கலாம். நான் இந்தக் கேமை மூன்று முறை முழுதாக முடித்திருக்கிறேன். கதை தெரிந்த பிறகும் திரும்பத் திரும்பப் போக வைத்த கேம்கள் எனக்கு அதிகம் இல்லை. ஆனால் ‘போலீஸ் கேம்’ என்ற சொல்லை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஓரிடத்தில் ஏமாறுவீர்கள். ஒரு போலீஸ்காரன் படும் பாட்டை இந்தக் கேம் அருமையாகக் கதையாகச் சொல்கிறது. கண்ட்ரோலர் நம் கைக்கு வந்ததும், போலீஸாக இருப்பதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடுகிறது. நிறை, குறை இரண்டுமே கடைசியில் இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து நிற்கின்றன என்பது என் கருத்து. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

கேம் பிறந்த கதையைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. கனடாவின் வான்கூவரில் இருந்த யுனைடெட் ஃப்ரண்ட் கேம்ஸ் என்ற ஸ்டூடியோ உருவாக்கியது. முதலில் ஆக்டிவிஷன் நிறுவனம் இதைத் தன் ‘ட்ரூ க்ரைம்’ வரிசையில் சேர்த்து, ட்ரூ க்ரைம்: ஹாங்காங் என்ற பெயரில் வெளியிடுவதாக இருந்தது. அந்த வரிசையில் 2003-இல் லாஸ் ஏஞ்சலஸையும் 2005-இல் நியூயார்க்கையும் வைத்து இரண்டு போலீஸ் கேம்கள் ஏற்கனவே வந்திருந்தன. 2011 பிப்ரவரியில், செலவு ஏறுகிறது, தாமதம் ஆகிறது, இந்த வகையில் முதலிடத்துக்குப் போட்டி போடும் அளவுக்கு வராது என்று சொல்லி ஆக்டிவிஷன் கைவிட்டுவிட்டது. பெரும்பகுதி முடிந்த கேம் அது. சில மாதங்கள் அநாதையாகக் கிடந்தபின் ஸ்கொயர் எனிக்ஸ் எடுத்துக்கொண்டது. பெயர் ஆக்டிவிஷனுடைய சொத்து என்பதால் புதுப்பெயர் வைத்து, 2012 ஆகஸ்டில் வெளியிட்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சில இடங்களில் ‘இங்கே இன்னும் ஏதோ இருந்திருக்க வேண்டுமே’ என்று உங்களுக்குத் தோன்றும். நடுவில் நின்றுபோய் மறுபடி உயிர் பெற்ற கேம் என்பது தெரிந்திருந்தால் அந்த ஓட்டைகள் அவ்வளவு உறுத்தாது.

சரி, கதைக்கு வருவோம். நாம் விளையாடும் நாயகன் வெய் ஷென், ஹாங்காங்கில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா போய், சான் ஃபிரான்சிஸ்கோவில் போலீஸாக வேலை பார்த்தவன். ஹாங்காங் போலீஸ் அவனைத் திரும்ப அழைத்து, அவனுடைய பழைய பேட்டையிலேயே ரவுடியாக நுழையச் சொல்கிறது. நுழைய வேண்டிய கூட்டம் சன் ஆன் யீ. இது கற்பனைப் பெயர். ஆனால் ஹாங்காங்கில் உண்மையிலேயே உள்ள சன் யீ ஆன் என்ற ட்ரையட் (சீனக் குற்றக் கும்பல்) அமைப்பின் பெயரைக் கொஞ்சம் மாற்றிப் போட்டது என்பது பார்த்தவுடனே தெரியும். எதிர்க் கூட்டமான 18கே, அதேபோல உண்மையான 14கே-வின் சாயல். வெய்யின் அக்கா போதையில் சீரழிந்து செத்தவள். அவளை அந்த வழியில் தள்ளியவன் சன் ஆன் யீ கூட்டத்திலேயே ஒரு தாதாவாக இருக்கிறான். ஆக, கடமை ஒரு பக்கம், பழி இன்னொரு பக்கம், கூடவே சிறுவயது நண்பன் ஜாக்கி வேறு. மூன்றும் வேறு வேறு திசையில் இழுக்கின்றன.

இந்த இழுபறியைக் கேம் எவ்வளவு சீக்கிரம் நம் கையில் கொடுக்கிறது என்று பாருங்கள். கூட்டத்தில் சேர்ந்ததும் வின்ஸ்டன் என்கிற அடியாள் தலைவன் உங்களுக்குக் கொடுக்கும் முதல் வேலைகளில் ஒன்று, இரவுச் சந்தையில் கடைக்காரர்களிடம் மாமூல் வசூலிப்பது. நீங்கள் போலீஸ். துணிக்கடையும் பலகாரக் கடையும் வைத்துப் பிழைப்பவர்களை மிரட்டிக் காசு பிடுங்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடிக்க வேண்டும். முதல் முறை விளையாடியபோது அந்த இடத்தில் எனக்குக் கை கொஞ்சம் தயங்கியது. வேறு வழியில்லை, மிஷன் (கேம் நமக்குக் கொடுக்கும் வேலை) அதுதான். அந்தத் தயக்கத்தை வரவழைத்ததே இந்தக் கேமின் முதல் வெற்றி என்பேன். ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) மாதிரி கேம்களில் நாம் கெட்டவன் என்று தெரிந்தேதான் தொடங்குகிறோம், அதனால் எதுவும் உறைக்காது. இங்கே ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ‘இவன் போலீஸ்’ என்ற நினைப்பு இருந்துகொண்டே இருக்கிறது.

வெய்யைக் கையாளும் அதிகாரி ரேமண்ட் மாக் அடிக்கடி தனியாகச் சந்தித்து, நீ இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்காத குறையாகக் கேட்பான். அந்த உரையாடல்கள் எல்லாமே நன்றாக எழுதப்பட்டவை. வெய்க்குக் குரல் கொடுத்த வில் யுன் லீ, ரவுடிகளோடு பேசும்போது ஒரு தொனி, ரேமண்டோடு பேசும்போது வேறு தொனி என்று பிரித்துக் காட்டுகிறார். கதை போகப் போக அந்த இரண்டு தொனிகளும் ஒன்றில் ஒன்று கலந்துவிடுகின்றன. காதில் கவனித்துக் கேளுங்கள்.

(இங்கே ஒரு கதைத் திருப்பத்தைச் சொல்லப் போகிறேன். வேண்டாம் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) நடுவில் ஒரு கல்யாணம் வருகிறது. வின்ஸ்டனுக்கும் பெக்கி என்ற பெண்ணுக்கும். சிரிப்பும் கொண்டாட்டமுமாகப் போய்க்கொண்டிருக்கும்போது எதிர்க் கூட்டம் உள்ளே புகுந்து மாப்பிள்ளை, மணப்பெண் இரண்டு பேரையும் சுட்டுக் கொன்றுவிடுகிறது. அதன் பிறகு, அதற்குக் காரணமானவனைப் பிடித்துக் காரின் டிக்கியில் போட்டு, வின்ஸ்டனின் அம்மாவிடம் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். அந்த அம்மா உணவகம் நடத்துகிறவள். கையில் வெட்டுக்கத்தியோடு சமையலறையில் நிற்கிறாள். போலீஸாக அவனை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டியவன் நீங்கள். ஆனால் ஓட்டுவது அந்தச் சமையலறைக்கு. கேமில் எனக்கு மறக்கவே மறக்காத கார்ப் பயணம் அது. துரத்தல் இல்லை, வெடி இல்லை, வெறுமனே ஓட்டிக்கொண்டு போவதுதான்.

அடுத்தது சண்டை. இந்தக் கேமுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அடிப்படை ரொம்ப எளிது. அடிக்க ஒரு பட்டன், எதிரடிக்கு ஒன்று, பிடிக்க ஒன்று. எதிரி கை ஓங்கும்போது அவன் உடம்பு சிவப்பாக ஒளிரும். அந்த நொடியில் எதிரடி பட்டனைத் தட்டினால் அவன் கையைப் பிடித்து முறிப்பீர்கள். 2009-இல் வந்த பேட்மேன் அர்க்கம் அசைலம் கேமில் வந்த அதே வித்தைதான். ஆனால் அங்கே ஒருவரிலிருந்து இன்னொருவருக்கு மிதந்து போவது போல இருக்கும். இங்கே ஒவ்வொரு அடியும் எலும்பில் இறங்குகிறது. அடிப்பவன் மூச்சு வாங்குகிறான், அடி வாங்கியவன் காலை நொண்டுகிறான். எதிரிகளிலும் வகை உண்டு. அடியைத் தடுப்பவனை அடித்துப் பயன் இல்லை, பிடித்துத்தான் தள்ள வேண்டும். ஆள் தடியாக இருப்பவனைப் பிடிக்கப் போனால் அவன் நம்மைத் தூக்கிப் போட்டுவிடுவான், அவனுக்கு அடிதான் மருந்து. ஆறேழு பேர் சூழ்ந்து நிற்கும்போது யார் எந்த வகை என்று கண் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். பட்டனை மட்டும் படபடவென்று தட்டினால் தரையில் கிடப்பீர்கள்.

பிடித்தபின்தான் வேடிக்கை. கையில் சிக்கியவனைச் சுற்றுப்புறத்தில் உள்ள எதில் வேண்டுமானாலும் மோதலாம். குப்பைத் தொட்டிக்குள் வீசலாம், டெலிபோன் பூத்துக்குள் தள்ளலாம், மீன் தொட்டியில் தலையை முக்கலாம். சிவப்பாக மின்னும் பொருள் எல்லாம் இப்படிப் பயன்படும். அதனால் ஒரு அறைக்குள் நுழைந்ததுமே எங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்பது பழக்கமாகிவிடும். ஒரு சமையலறை, ஒரு மீன் மார்க்கெட், ஒரு கார் ஷெட், ஒவ்வொன்றிலும் சண்டை வேறு மாதிரி போகும். அந்தந்த இடமே ஆயுதமாகிற உணர்வு வேறு எந்த ஓப்பன் வேர்ல்டு கேமிலும் எனக்கு இவ்வளவு அழுத்தமாகக் கிடைக்கவில்லை.

புதுப் புது அடிமுறைகளைக் கற்கும் வழியும் அழகாக இருக்கும். வெய்க்குச் சிறுவயதில் சொல்லிக்கொடுத்த குரு ஒருவர். அவருடைய பள்ளியிலிருந்து காணாமல் போன 12 ஜேடு சிலைகள், சீன ராசிச் சக்கரத்தின் 12 விலங்குகள், நகரெங்கும் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுக்கக் கொடுக்க அவர் ஒவ்வொரு முறையாகச் சொல்லித் தருவார். மெனுவில் புள்ளி செலவழித்து வாங்குவதை விட, ஒரு பெரியவர் முன்னால் நின்று கற்றுக்கொள்வது எவ்வளவோ மேல்.

துப்பாக்கி முதல் சில மணி நேரத்துக்குக் கையில் வராது. ஹாங்காங்கில் துப்பாக்கிச் சட்டம் கடுமையானது, தெருச் சண்டை கத்தியிலும் கம்பியிலும்தான் நடக்கும் என்பதைக் கேம் மதித்திருக்கிறது. ஆனால் பிற்பாதியில் அந்தப் பொறுமை போய்விடுகிறது. ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சுடும் மிஷன்கள். தடுப்பைத் தாண்டிக் குதிக்கும்போது நேரம் மெதுவாகி, அந்தரத்தில் இருந்தபடியே சுடுவது முதல் நான்கைந்து முறை நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் எதிரிகள் ஒளிந்த இடத்தில் தலையை நீட்டுவதும் நாம் சுடுவதுமாக அலுத்துவிடும். கைச்சண்டையில் இருந்த யோசனை இதில் இல்லை.

நகரம். வரைபடத்தில் நான்கு பகுதிகள்: நார்த் பாயிண்ட், சென்ட்ரல், அபர்டீன், கென்னடி டவுன். நான்குமே ஹாங்காங் தீவில் நிஜமாக உள்ள இடங்கள். ஆனால் தெருவுக்குத் தெரு அப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள், தூரத்தைச் சுருக்கித் தங்கள் வசதிக்கு அடுக்கியிருக்கிறார்கள். துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கௌலூன் கிடையவே கிடையாது. ஹாங்காங் தெரிந்தவருக்கு அது பாதி ஊர் காணாமல் போன மாதிரி இருக்கும். ஏறிச் சுற்ற மெட்ரோவும் கிடையாது, டாக்ஸி உண்டு.

அதை விட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடங்கள். இந்த ஊர் நடப்பதற்கு என்று செய்யப்பட்டது. மழை பெய்து நின்ற இரவில் நியான் எழுத்துகள் தரைத் தண்ணீரில் கலங்கித் தெரியும். சந்தைக்குள் போனால் துணிக் கொடிகள், தொங்கும் விளக்குகள், ஆவி பறக்கும் கடைகள். பன்றி இறைச்சி பன் விற்கும் ஆள், இதைச் சாப்பிடாதவன் முழு ஆம்பளையே இல்லை என்ற அர்த்தத்தில் கத்திக்கொண்டே இருப்பார். இந்தக் கேமை விளையாடிய யாரைக் கேட்டாலும் முதலில் அவரைத்தான் சொல்வார்கள். அந்தப் பன்னை வாங்கித் தின்றால் கொஞ்ச நேரம் ஹெல்த் தானாக ஏறும், எனர்ஜி டிரிங்க் குடித்தால் அடி பலமாக விழும். ஆக, சண்டைக்கு முன்னால் சந்தையில் நின்று சாப்பிட்டுவிட்டுப் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கோயில் விளக்குச் சன்னதிகள் 50 இருக்கின்றன, கும்பிட்டால் ஹெல்த் கூடிக்கொண்டே போகும். கரோக்கே, சேவல் சண்டையில் பந்தயம், கார் ரேஸ் எல்லாம் உண்டு. வண்டிகள் ஹாங்காங்கில் போலவே இடது பக்கம் ஓடுகின்றன. நமக்கு அது ஒரு நிம்மதி, மற்ற கேம்களில் முதல் ஒரு மணி நேரம் எதிர்த் திசையில் ஓட்டிக்கொண்டிருப்பேன்.

ஆனால் கதவுகள் பெரும்பாலும் பூட்டியவை. அத்தனை கட்டடங்களில் உள்ளே போகக் கூடியவை கொஞ்சம்தான். சைடு மிஷன்களில் பாதி, ‘இங்கே வா, இவனை அடி’ அல்லது ‘இந்தக் காரை அங்கே கொண்டுபோ’. பத்தைச் செய்துவிட்டால் மீதியின் வாசனை தெரிந்துவிடும்.

கார் ஓட்டுவது பற்றி இரண்டு கருத்து உண்டு. எனக்குப் பிடிக்கும். ஸ்டூடியோவில் இருந்தவர்களில் நீட் ஃபார் ஸ்பீட் கேம்கள் செய்தவர்கள் உண்டு, வளைவுகளில் அது தெரியும். நிஜக் கார் மாதிரி கனம் இருக்காது. ஒரு பட்டனைத் தட்டினால் கார் பக்கவாட்டில் எகிறிப் பக்கத்து வண்டியை இடிக்கும், எதிரியின் கார் பல்டி அடிக்கும். ஓடும் காரிலிருந்து முன்னால் போகும் காரின் கூரைக்குத் தாவி, ஓட்டுபவனை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு நாம் உட்காருவது இன்னொன்று. ஹாங்காங் சண்டைப் படத்தின் துள்ளல் இது, நியாயம் பார்க்கக் கூடாது. கேமராதான் தொல்லை. ஓட்டும்போது பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் உடனே தானாக முன்னுக்கு வந்துவிடும், கணினியில் மவுஸ் வைத்து விளையாடினால் இன்னும் எரிச்சலாகும். சிறிய அறைகளில் சண்டை போடும்போது கேமரா சுவரில் முட்டிக்கொண்டு, முதுகுப் பக்கம் வருபவன் கண்ணில் படவே மாட்டான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். போலீஸ் என்ற விஷயத்தைக் கேம் எப்படிக் கணக்குப் போடுகிறது?

மூன்று வகைப் புள்ளிகள் உண்டு: போலீஸ், ட்ரையட், ஃபேஸ். ஃபேஸ் என்பதை ‘கெத்து’ என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. பேட்டை மக்களுக்குச் சின்னச் சின்ன உதவி செய்தால் கெத்து ஏறும், நல்ல துணியும் காரும் வாங்க அது வேண்டும். மற்ற இரண்டும்தான் சுவாரசியம். மிஷன் தொடங்கும்போது போலீஸ் கணக்கு முழுதாக நிரம்பியிருக்கும். ட்ரையட் கணக்கு காலியாக இருக்கும். பொதுமக்கள் மீது வண்டியை ஏற்றினால், விளக்குக் கம்பத்தை இடித்துச் சாய்த்தால், போலீஸ் கணக்கிலிருந்து கழியும். ஆட்களைக் கொடூரமாக அடிக்க அடிக்க ட்ரையட் கணக்கில் ஏறும். மிஷன் முடிவில் இரண்டுக்கும் தனித்தனியாக நட்சத்திரம்.

இதைவிடக் கச்சிதமான யோசனையைப் போலீஸ் கேம்களில் நான் பார்த்ததில்லை. போலீஸ் நம்பிக்கையோடு அனுப்பியிருக்கிறது, அதை இழக்காமல் திரும்ப வேண்டும். ரவுடிகளிடம் ஒன்றும் இல்லாமல் தொடங்கி, இரத்தம் சிந்தித்தான் சம்பாதிக்க வேண்டும். இரண்டு வேலையின் இயல்பையும் ஒரு கழித்தலிலும் ஒரு கூட்டலிலும் காட்டிவிட்டார்கள்.

வருத்தம் என்னவென்றால், அந்தக் கணக்குக்கு எந்த விளைவும் கிடையாது. போலீஸ் புள்ளியைப் பூஜ்யமாக்கினாலும் ரேமண்ட் அதே வசனத்தைத்தான் பேசுவான். கதை ஒரு அங்குலம் கூட மாறாது. புள்ளிகள் சேர்ந்தால் புதுத் திறமைகள் திறக்கும், இரண்டு பக்கத்திலும் 10 படிகள், அவ்வளவுதான். அந்தப் போலீஸ் திறமைகளில் ஒன்று, அலாரம் அடிக்காமல் கார் திருடுவது. அதைவிடப் பெரிய ஓட்டை, இந்தக் கழித்தல் எல்லாம் மிஷனுக்குள் மட்டும்தான். மிஷன் முடிந்து தெருவில் சும்மா சுற்றும்போது நடைபாதையில் காரை ஏற்றினாலும் வெய்யின் போலீஸ் கணக்கில் ஒரு புள்ளி குறையாது. ரோந்து போலீஸ் துரத்தும். அவர்களும் உங்கள் துறைதான். அவர்கள் காரை நாலு இடி இடித்துக் கவிழ்த்தால் துரத்தல் முடிந்தது. தன் சக காவலர்கள் இருந்த வண்டியைக் கவிழ்த்துவிட்டு வந்த மனிதனிடம் அடுத்த காட்சியில் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கதையில் அவ்வளவு கனமாக இருக்கும் கேள்வி, கேம் நம் கையில் இருக்கும்போது காற்றில் போய்விடுகிறது.

இரண்டாம் முறை விளையாடியபோது எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். சிக்னலில் நிற்பது, நடப்பவர்களுக்கு வழி விடுவது, மிஷனுக்குத் தேவையில்லாமல் யாரையும் அடிப்பதில்லை, ஊர் சுற்றும்போதும் இதேதான். கேம் முற்றிலும் மாறிவிட்டது. அந்த மாமூல் மிஷனும் சமையலறைப் பயணமும் இரண்டு மடங்கு கனத்தன. இந்தக் கட்டுப்பாட்டைக் கேமே வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் ஆற்றாமையாக இருந்தது.

போலீஸ் வேலை என்று தனியாக வருபவற்றில் ஒன்று மிக நன்றாக இருக்கும். போதைப்பொருள் விற்கும் இடங்களில் முதலில் அங்கே நிற்கும் அடியாட்களை விரட்ட வேண்டும். பக்கத்தில் உள்ள கண்காணிப்புக் கேமராவை ஹேக் செய்ய வேண்டும். அதற்கு நான்கு இலக்க எண்ணைச் சில முயற்சிகளுக்குள் யூகித்துக் கண்டுபிடிக்க வேண்டும். எந்த எண் சரி, எது இடம் மாறியிருக்கிறது என்று மட்டும் குறிப்புக் கிடைக்கும். பிறகு உங்கள் வீட்டுக்குப் போய் டிவியைப் போட்டால் அந்தத் தெரு நேரலையில் தெரியும். நாலைந்து பேர் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். யார் சரக்கு சப்ளை செய்பவன் என்று நீங்களே பார்த்துக் குறிக்க வேண்டும். குறித்ததும் போலீஸ் வந்து அவனை அள்ளிக்கொண்டு போகும். சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை. இருட்டு அறையில் உட்கார்ந்து ஒரு மனிதனைக் காட்டிக்கொடுக்கிறீர்கள். ரகசியப் போலீஸ் என்றால் உண்மையில் இதுதானே! ஆனால் ஊரெங்கும் இதே வேலை எந்த மாற்றமும் இல்லாமல் திரும்பத் திரும்ப வரும். பாதியிலேயே ஆர்வம் குறைந்துவிடும்.

இன்ஸ்பெக்டர் ஜேன் டெங் கொடுக்கும் வழக்குகளும் இருக்கின்றன. தெருவில் ரேஸ் விடும் கும்பல், தொடர் கொலைகாரன் என்று விஷயம் நன்றாகத்தான் தொடங்கும். போன் சிக்னலை வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பது, ஒட்டுக்கேட்கும் கருவி வைப்பது, பூட்டைத் திறப்பது எல்லாம் வரும். ஆனால் யோசித்துத் துப்பறிய வேண்டிய வேலை கிடையாது. மேப்பில் அடுத்த புள்ளி எங்கே என்று கேமே காட்டிவிடும், நாம் போனால் போதும். துப்பறிதல்தான் உங்களுக்கு வேண்டும் என்றால் 2011-இல் வந்த எல்.ஏ. நுவாரைப் பாருங்கள். 1947-இன் லாஸ் ஏஞ்சலஸ், 32 கேமராக்கள் சூழப் பதிவு செய்த நடிகர்களின் முகங்கள், பொய் சொல்கிறார்களா என்று அந்த முகத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அங்கே போலீஸ் வேலை இருக்கிறது, ஆனால் ஊர் வெறும் பின்னணிப் படமாக நிற்கும். ஸ்லீப்பிங் டாக்ஸில் ஊர் உயிரோடு இருக்கிறது, போலீஸ் வேலைதான் மெலிந்துபோயிருக்கிறது. இரண்டையும் சேர்த்த ஒரு கேமுக்காக நான் இன்னும் காத்திருக்கிறேன்.

பெண் பாத்திரங்களை வீணடித்துவிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். எம்மா ஸ்டோன், லூசி லியூ போன்றவர்களைக் குரலுக்கு அழைத்துவந்திருக்கிறார்கள். எம்மா ஸ்டோன் குரல் கொடுத்த அமண்டா என்ற பெண் கொஞ்ச நேரம் வந்துவிட்டுப் பிறகு கதையில் இருந்தே காணாமல் போகிறாள். டேட்டிங் என்று வரும் எல்லாமே ஒன்றிரண்டு சந்திப்பு, பரிசாக மேப்பில் ஏதோ ஒரு வகைப் பொருள் இருக்கும் இடங்கள் தெரியவரும். ஒரு மனிதரோடு பழகியதற்குக் கிடைப்பது மேப்பில் சில புள்ளிகள் என்றால் அந்த உறவை எழுதாமலே விட்டிருக்கலாம்.

இன்னொன்றைக் கட்டாயம் விளையாடிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 2013 மார்ச்சில் வந்த ‘இயர் ஆஃப் தி ஸ்நேக்’ என்ற கூடுதல் கதை. முதன்மைக் கதைக்குப் பின் நடக்கிறது. வெய் இப்போது சீருடை போட்ட சாதாரண ரோந்துப் போலீஸ். சீனப் புத்தாண்டு சமயம், உலகம் அழியப் போகிறது என்று நம்பும் ஒரு கூட்டம் ஊரில் குண்டு வைக்கிறது. கைவிலங்கு மாட்டுவது, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது என்று வேலையின் நிறமே வேறாகிவிடும். ரொம்பச் சின்னது, ஒரே மூச்சில் முடித்துவிடலாம், கதையும் அவ்வளவு ஆழமில்லை. ஆனால் அதே ஊரில், அதே இரவுச் சந்தையில், சீருடையோடு நடந்து போகும்போது மனசுக்குள் ஏதோ இளகியது. மாமூல் வாங்கப் போன அதே தெரு அது.

இதன் தொடர்ச்சி வராதா என்று கேட்பவர்களுக்கு: 2013-இல் ஸ்கொயர் எனிக்ஸ் கொடுத்த கணக்குப்படி 17.5 லட்சம் பிரதிகள் விற்றன, தங்கள் எதிர்பார்ப்புக்கு அது குறைவு என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். ட்ரையட் வார்ஸ் என்று ஆன்லைனில் ஒன்றை முயன்று, 2016 தொடக்கத்தில் அதையும் மூடிவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஸ்டூடியோவே மூடப்பட்டது. எனவே இருப்பதை விளையாட வேண்டியதுதான்.

வாங்குவதென்றால் 2014-இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷனை வாங்குங்கள். கூடுதல் கதைகள் எல்லாம் அதிலேயே இருக்கின்றன, வெளிச்சமும் மூட்டமும் மேம்பட்டிருக்கின்றன. தள்ளுபடி சமயத்தில் ரொம்ப மலிவாகவே கிடைக்கும், அவசரப்பட்டு முழு விலை கொடுக்க வேண்டாம். மவுஸை விட்டுவிட்டுக் கண்ட்ரோலரில் விளையாடுங்கள், மேலே சொன்ன கேமராத் தொல்லை பாதி குறையும். சிலைகளை முதல் நாளிலிருந்தே தேடத் தொடங்குங்கள், அடிமுறைகள் இல்லாமல் நடுப்பகுதிச் சண்டைகள் சலிக்கும். முதன்மைக் கதை மட்டும் என்றால் 15 மணி நேரம் போல ஆகும்.

தம்பி விஷயம். வேண்டாம். ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேல் என்றும் அமெரிக்காவில் 17-க்கு மேல் என்றும் முத்திரை குத்தப்பட்ட கேம் இது, அந்த முத்திரை சரியானதுதான். நான் மேலே குப்பைத் தொட்டி, டெலிபோன் பூத் என்று மென்மையானவற்றைத்தான் சொன்னேன். மர அறுவை இயந்திரத்திலும் சுழலும் விசிறியிலும் ஆளைத் தள்ளும் காட்சிகள் இருக்கின்றன, கேமரா அதைக் கிட்டே போய்க் காட்டும். கெட்ட வார்த்தைகள் நிறைய. கல்யாணக் காட்சியும் அதன் பின் வரும் சமையலறைக் காட்சியும் பெரியவர்களையே உலுக்கும். அவன் தூங்கிய பிறகு ஹெட்போன் போட்டுக்கொண்டு விளையாடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று அடம் பிடித்தால் ஒரு கார் ரேஸையோ கரோக்கே பாட்டையோ போட்டுக் காட்டுங்கள், அந்த அளவுக்குப் போதும்.